பி.எட்.டுக்கு முன்னால் ஒரு கமா

இல்லீங்ணா, இது விலைக்கு வாங்கினது இல்லீங்க. குடுத்தாங்க. காங்கேயத்துல ஒரு வீட்டுல, கொப்பரைக் களம் வெச்சிருக்கறவங்க. வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, அந்தம்மா தேங்காயும் ஒரு பாட்டில் எண்ணெயும் பையில போட்டுக் கையில திணிச்சுட்டாங்க. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்குங்க. நெசமாத்தான் சொல்றேன். எனக்கு இந்தப் பையத் தொட்டாலே கை கூசுது.

அட, திருட்டுத் தேங்காயான்னு பாக்காதீங்க. அப்பிடி இருந்தாக்கூடப் பரவாயில்லை. நீங்க ஈரோட்டுலதானே பஸ் எறங்கறீங்க? நானும் ஈரோடுதான். அப்பச் சரி. யார்கிட்டயாவது சொல்லலேன்னா நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்குதுங்க. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அதுவே ஒரு சவுகரியம்.

என்ற பேரு நாட்ராயனுங்க. ஈரோட்டுல ஒரு திருமண தகவல் மையத்துல கம்ப்யூட்டர் பாக்கறேன். பொண்ணு, மாப்பிள்ளை விவரம் ஏத்தறது, ஜாதகம் பிரிண்ட் எடுத்துக் குடுக்கறது, வெப்சைட்டப் பாத்துக்கறது எல்லாம் நான்தான். கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லீங்க, பி.காம். பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது. ஆனா ஒண்ணு, என் வேலையில இது நொட்டை அது நொட்டைன்னு ஒருத்தரும் சொன்னது கிடையாது. இந்த ஆடி வரைக்கும்.

ஆடியில எங்களுக்கு வேலையே இருக்காதுங்க. எவன் ஆடியில பொண்ணு பாக்கறான்? ஆபீஸ்ல ஈ ஓட்டிட்டு இருப்போம். பழைய கம்ப்யூட்டர் வேற லாரி மாதிரி உறுமிட்டுக் கெடந்துச்சு. எங்க டீச்சரம்மா சொன்னாங்க, "நாட்ராயா, இது நின்னு போறதுக்குள்ள எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திரு. ஒரு பேரு விட்டுப் போச்சுன்னா ஒரு குடும்பத்துக்குப் பதில் சொல்லோணும்." சரோஜினி டீச்சர்னு பேருங்க. ஹைஸ்கூல்ல தமிழ் டீச்சரா இருந்து ரிடையர் ஆகி இந்த மையத்த ஆரம்பிச்சாங்க. நல்ல மனுசி. நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கதைக்கு வேர் எங்கிருக்குதுன்னு கேட்டா, அது டீச்சர்கிட்டத்தான் இருக்குது.

எப்பிடின்னு சொல்றேன். ரெண்டு பட்டம் வாங்கினவங்கன்னா நடுவுல கமா போட்டே ஆகணும் அவங்களுக்கு. எம்.ஏ., போட்டு ஒரு புள்ளி, ஒரு கமா, அப்பறம் பி.எட். நம்ம பத்திரிகையில, போர்டுல எல்லாம் போடுவாங்களே, அப்பிடி. நான் ஆரம்பத்துல கமா இல்லாம அடிச்சு வெச்சதுக்கு என்ன பேச்சு வாங்கினேன் தெரியுங்களா? "கஷ்டப்பட்டுப் படிச்சு வாங்கின பட்டம்டா, அதை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி எழுதறதுக்கு உனக்கு எப்பிடி மனசு வருது?"ன்னு கேட்டாங்க. சரி, போடறேனுங்கன்னு அன்னைக்கிருந்து போட்டேன். ஒருத்தர் பாக்கியில்லாம போட்டேன்.

இப்பக் கேளுங்க. பழைய கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா விவரம் இருக்கற டேபிளையெல்லாம் வெளிய எடுக்கறதுக்கு நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஸ்கிரிப்ட்டுன்னா பெரிய சங்கதி இல்லீங்க, முதல்ல இதச் செய், அப்பறம் அதச் செய்னு கம்ப்யூட்டருக்கு நாம எழுதிக் குடுக்கறது. ஒவ்வொரு டேபிளையும் எடு, ஒரு ஆளுக்கு ஒரு வரி, ஒரு விவரத்துக்கும் அடுத்த விவரத்துக்கும் நடுவுல ஒரு கமா, எல்லாத்தையும் ஃபைல்ல கொட்டு. அதுதான் பேக்கப்பு. புதுக் கம்ப்யூட்டர்ல இன்னொரு ஸ்கிரிப்ட்டு அந்த ஃபைலப் படிச்சு, கமாவப் பாத்துப் பாத்துப் பிரிச்சு, அதது கட்டத்துல போடும்.

உங்களுக்கு இப்பவே புரிஞ்சிருச்சு பாருங்க. முகத்தப் பாத்தாத் தெரியுது. எனக்குப் புரியலீங்களே!

விலாசத்துல கமா வரும்னு எனக்குத் தெரியுமுங்க. உள்ள இருக்கற கமாவுல பிரிச்சுரக் கூடாதுன்னு அந்த டேபிளுக்கு மட்டும் தனியா மேற்கோள் குறி போட்டுக் கட்டி எடுத்தேன். அவ்வளவு புத்திசாலி. ஜாதகம் வேற டேபிள், அதுவும் ஒழுங்கா வந்துருச்சு. ஆள் விவரம் இருக்கற டேபிள்ல பேரு, வயசு, படிப்பு, வேலை, இதுல எங்க கமா வரப்போகுதுன்னு விட்டுட்டேன். கமாவுக்குப் பதிலா வேற ஏதாவது குறி போட்டுக்கன்னு நெட்டுல எழுதியிருந்தான். அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரனுக்குன்னு நெனச்சேன்.

ஏத்தி முடிச்சுட்டுச் சரி பாத்தேனுங்க. பாக்காம விடலை. அங்க எத்தனை பேர் இருந்தாங்களோ, இங்கயும் அத்தனை பேர். மேல இருக்கற பேரா ஒவ்வொண்ணாத் தொறந்தும் பாத்தேன். கச்சிதம். ஆனா மேல இருந்ததெல்லாம் ஆரம்ப காலத்து ஆளுங்க, டீச்சரோட சொந்தக்காரங்க. பத்தாவது, ஐ.டி.ஐ., விவசாயம். பத்தாவதுக்கும் ஐ.டி.ஐ.க்கும் நடுவுல கமா கிடையாது, ஏன்னா அதைப் பட்டமா டீச்சர் ஒத்துக்கறதில்லை. பழைய கம்ப்யூட்டரத் தூக்கிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு.

ஆவணி பொறந்தது. பெருந்துறையிலிருந்து ஒருத்தர் போன் பண்றார். "ஏனுங்க, எம் பொண்ணுக்கு நீங்க எப்பங்க கண்ணாலம் பண்ணி வெச்சீங்க? எனக்குப் பத்திரிகையே வரலியே!" அப்பிடீங்கறார். என்னங்க சொல்றீங்கன்னு தொறந்து பாத்தா, அந்தப் பொண்ணு பேருக்கு நேரா மறுமணம்னு இருக்குது.

சித்தெ இருங்க, எப்பிடின்னு சொல்லீர்றேன். எங்க டேபிள்ல படிப்பு, அதுக்கடுத்து வேலை, அதுக்கடுத்துச் சொந்த வீடு இருக்குதா, கடைசியா மறுமணமா. வீடு இருந்தா ஒண்ணு, இல்லேன்னா சைபர். மறுமணம்னா ஒண்ணு, முதல் கல்யாணம்னா சைபர். இப்ப ஒரு பொண்ணு எம்.எஸ்சி., பி.எட். அந்த நடுக் கமாவப் பாத்ததும் கம்ப்யூட்டர் என்ன பண்ணுச்சு, எம்.எஸ்சி.யப் படிப்புல போட்டுட்டு பி.எட்.டத் தூக்கி வேலையில போட்டுருச்சு. வேலை தள்ளி வீட்டுக் கட்டத்துக்குப் போச்சு. வீடு தள்ளி மறுமணத்துக்குப் போச்சு. கடைசியில இருந்த சைபர் கீழ விழுந்துருச்சு. கூடுதலா வந்தாத் தள்ளிருன்னு நான்தான் எழுதி வெச்சிருந்தேன்.

ஆக ரெண்டு பட்டமும் வாங்கி, சொந்த வீடும் இருக்கறவங்க எல்லாரும் கல்யாணமாகிப் பிரிஞ்சவங்க ஆயிட்டாங்க. வாடகை வீட்டுக்காரங்க தப்பிச்சுட்டாங்க. நீங்க சிரிக்கறீங்க. நானும் முதல்ல சிரிச்சேனுங்க, பயத்துல.

அன்னைக்கே டீச்சர்கிட்டச் சொல்லியிருந்தா இந்தப் பஸ்ல நான் இப்பிடி உக்காந்திருக்க மாட்டேன். சொல்லலை. பெருந்துறைக்காரர்கிட்ட, "சின்ன டைப்பிங் மிஸ்டேக்குங்க, இப்பவே மாத்தீர்றேன்"னு மாத்திக் குடுத்தேன். அப்பறம் யார் யார் போன் பண்றாங்களோ, அவங்கவங்களுக்கு மட்டும் மாத்தினேன். மொத்தமாச் சரி பண்ணணும்னா வெப்சைட்ட ஒரு நாள் நிறுத்தணும், நிறுத்தினா டீச்சர் ஏன்னு கேப்பாங்க. முகூர்த்த சீசன் முடியட்டும், முடியட்டும்னு தள்ளிப் போட்டேன். போன் பண்ணாதவங்க எல்லாம் பாக்கலைன்னு நெனச்சுட்டேன்.

அதுல ஒருத்தங்கதான் பூங்கோதை மேடம். சித்தோட்டுக்காரங்க. ஒரு பிரைவேட் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி டீச்சர், எம்.எஸ்சி., பி.எட். அப்பா இல்லை, அம்மா மட்டும். வருசா வருசம் ஆபீஸுக்கு அவங்களே வந்து பதிவப் புதுப்பிச்சுட்டுப் போவாங்க. மத்த பொண்ணுங்களுக்கு அப்பனோ அண்ணனோ வருவாங்க, இவங்க தனியா வந்து, டீச்சர் ரூம் பக்கமே போகாம, என் மேசை ஓரமா உக்காந்து, "வயசு மட்டும் ஒண்ணு கூட்டிக்குங்க சார்"னு சொல்லுவாங்க. இப்ப முப்பத்தாறு. சும்மா சொல்லக்கூடாது, லட்சணமானவங்க. சொந்தமா லோன் போட்டு வீடு கட்டினாங்க. கட்டின வருசம் நேரா வந்து, "சொந்த வீடு இருக்குதுன்னு மாத்திக்குங்க சார்"னு லட்டு குடுத்துட்டுப் போனாங்க. அந்த வீடுதாங்க தள்ளிப் போய் மறுமணத்துல உக்காந்துச்சு.

ஆவணிக் கடைசியில காங்கேயத்திலிருந்து ஒரு அம்மா வந்தாங்க. மகன் சம்பத்குமாருக்கு முதல் கல்யாணம் ஆகி விவாகரத்து ஆயிருச்சு, நாப்பது ஆகப் போகுது, அதே மாதிரி ஒரு நல்ல பொண்ணாப் பாருங்கன்னாங்க. டீச்சர் என்னைப் பாத்து, "மறுமணத்துல படிச்ச பொண்ணா எடு"ன்னாங்க. எடுத்தேன். பிரிண்டர்ல இருந்து பூங்கோதை மேடம் விவரம் வெளிய வருது. மறுமணம், ஆம்.

எனக்குத் தெரியுமுங்ணா. அது தப்புன்னு எனக்கு அப்பத் தெரியும். தெரியாமச் செஞ்சதுக்கும் தெரிஞ்சு செஞ்சதுக்கும் வித்தியாசம் இருக்குதில்லீங்க? அந்தப் பேப்பரக் கையில வெச்சுட்டு நின்னேன். டீச்சர் எதுத்தாப்பல. "என்னடா முழிக்கறே, குடு"ன்னாங்க. குடுத்துட்டேன். எங்க அமையப் போகுதுன்னு ஒரு நெனப்பு. எத்தனையோ பேர் வாங்கிட்டுப் போறாங்க, பத்துல ஒண்ணு கூட அமையறதில்லை.

அமைஞ்சிருச்சு.

சம்பத்தும் அவங்கம்மாவும் சித்தோடு போய்ப் பாத்துட்டு வந்து, டீச்சர்கிட்ட அந்தம்மா சொல்றாங்க, "அம்மணி நெம்பப் பதவிசுங்க. ஒரு வார்த்த கூடப் பேசல. பட்டவளுக்குத்தான் இன்னொருத்தரோட அருமை தெரியும்"னு. இவங்க பழசப் பத்திப் பேச்செடுப்பாங்க, அந்தப் பக்கம் என்ன பழசுன்னு கேப்பாங்க, குட்டு உடைஞ்சு கல்யாணம் நிக்கும், என் வேலை போகும்னு தெனமும் எதிர்பாத்தேன். ஒண்ணுமே நடக்கலை. ஐப்பசியில வெத்தலை பாக்கு மாத்திட்டாங்க. தையில சிவன்மலை கோயில்ல கல்யாணம்னு முடிவு. டீச்சர் ஆபீஸ்ல எல்லாருக்கும் மைசூர்பா குடுத்தாங்க. நான் அதைச் சாப்பிட்டேனுங்க. சரி, தப்புல கூட ஒரு நல்லது நடந்துச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அப்பிடியே விட்டிருக்கலாமில்லீங்க? விடலியே.

கார்த்திகையில வேற ஒரு பொண்ணோட அப்பா, ரிடையர்டு அதிகாரி, போன் பண்ணாம நேரா டீச்சர் ரூமுக்கே வந்துட்டார். அவர் போனதும் டீச்சர் என்னக் கூப்பிட்டாங்க. எல்லாத்தையும் சொன்னேன். கமா சங்கதியையும் சொன்னேன். அவங்க திட்டவே இல்லீங்க. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு, "படிச்ச புள்ளைங்களா பாத்துப் பிரிச்சு வெச்சிருக்கியேடா"ன்னாங்க. அதுக்குப் பதிலாத் திட்டியே இருக்கலாம். அப்பறம், "முழுசா சரி பண்ணு. பாதிக்கப்பட்ட பொண்ணு வீட்டுக்கெல்லாம் ஒரு மெசேஜ் அனுப்பு"ன்னாங்க.

பொண்ணு வீட்டுக்குன்னுதான் சொன்னாங்க. நல்லாக் கேட்டுக்குங்க, பொண்ணு வீட்டுக்கு.

நான் என்ன பண்ணினேன்? மத்தியானத்துலயே உக்காந்து ஸ்கிரிப்ட்டத் திருத்தினேன். பழைய பேக்கப்பு ஃபைல் பத்திரமா இருந்துச்சு. பட்டத்துக் கமா எது, பிரிக்கற கமா எதுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்து ஓட்டினேன். அடடா, என்ன அழகா ஓடுச்சு தெரியுங்களா! அவங்கவங்க வேலை அவங்கவங்க கட்டத்துல வந்து உக்காந்துச்சு. இத்தனை மாசமா மனசுல கெடந்த அழுக்கு ஒரே நாள்ல போன மாதிரி இருந்துச்சுங்க. அந்த வேகத்துல, முழுசாக் கழுவீரணும்னு, பொண்ணு வீட்டுக்கு மட்டும் இல்லாம, அந்தப் பொண்ணுங்க விவரத்த இதுவரைக்கும் யார் யார் வாங்கிட்டுப் போனாங்களோ அத்தனை பேருக்கும் மெசேஜ் போற மாதிரி இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதிட்டேன். "வணக்கம். தொழில்நுட்பக் கோளாறால் கீழ்க்கண்டவரின் விவரம் மறுமணம் எனத் தவறாகப் பதிவாகியிருந்தது. இவருக்கு இதுவரை திருமணம் ஆகவில்லை. வருந்துகிறோம்." இலக்கணப் பிழை கூட இல்லை, டீச்சருக்காகப் பாத்துப் பாத்து எழுதினேன். அனுப்பிட்டு டிபன் பாக்ஸத் தொறந்து நிம்மதியாச் சோறுண்டேன்.

யாரார் பேரு அதுல இருக்குதுன்னு பாக்கலீங்க. நெசமாப் பாக்கலை. ஸ்கிரிப்ட்டே எடுத்து ஸ்கிரிப்ட்டே அனுப்பிருச்சு.

மறுநாள் சாயங்காலம், ஸ்கூல் விட்டு நேரா பூங்கோதை மேடம் வந்தாங்க. டீச்சர் ரூமுக்குப் போகலை, என் மேசைக்கு எதுத்தாப்பல உக்காந்தாங்க. கையில சாக்பீஸ் தூசி கூட இருந்துச்சு. நான் எந்திரிச்சு, "மேடம், மன்னிச்சுக்குங்க, உங்களுக்குப் பெரிய அநியாயம் பண்ணிட்டேன். உங்கள மறுமணம்னு போட்டு..."ன்னு ஆரம்பிச்சேன்.

"அது எனக்கு ஆடியிலயே தெரியும் சார்"னாங்க.

எனக்கு ஒண்ணும் புரியலை. "தெரிஞ்சா ஏனுங்க போன் பண்ணலை?"

"பண்ணலாம்னுதான் எடுத்தேன். அப்பறம் வெச்சுட்டேன்." மெதுவாத்தான் பேசினாங்க. "இத்தனை வருசமா எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா சார்? வந்தவங்க எல்லாம் ஒரே கேள்வி. ஏன் இத்தனை வயசு வரைக்கும் ஆகலை? உடம்புல ஏதாவதா? ஜாதகத்துல ஏதாவதா? யாரையாவது விரும்பிச்சா? ஒரு காரணமும் இல்லை சார். அப்பா உடம்பு சரியில்லாம இருந்தார், நாள் போச்சு, அமையலை, அவ்வளவுதான். காரணம் இல்லைன்னு சொன்னா யார் நம்பறா? ஆவணியிலதான் முதல் தடவையா வந்தவங்க உக்காந்து, எங்கம்மா குடுத்த காப்பியக் குடிச்சுட்டு, என்னை ஒண்ணுமே கேக்கலை. பாவம், ஏதோ ஆகிப் போச்சுன்னு அவங்களே வெச்சுக்கிட்டாங்க. அவர் எங்கிட்டத் தனியாப் பேசறப்ப, 'பழசு ஒண்ணும் கேக்க மாட்டேன், நீங்களும் கேக்க வேண்டாம்'னார். நானும் சரின்னேன். நான் பொய் சொல்லலை சார். அவர் கேக்கலை, நான் சொல்லலை."

எனக்குச் சுருக்குன்னுச்சுங்க. ஏன்னா எங்க தம்பிக்குப் பொண்ணு பாக்கறப்ப இவங்க விவரத்த நான் எடுத்துப் பாத்திருக்கேன். பொருத்தம் எல்லாம் இருந்துச்சு. "இத்தனை வயசு வரைக்கும் சும்மா இருப்பாங்களா, என்னவோ ஏதோ"ன்னு நானே தள்ளி வெச்சேன். அதை அவங்ககிட்டச் சொல்லலை. எப்பிடிச் சொல்றது?

"இப்ப என்னாச்சுங்க மேடம்?"னேன்.

"உங்க மெசேஜ் அவங்கம்மாவுக்குப் போயிருக்கு. நேத்திலிருந்து அவர் போன் எடுக்கலை. காலையில அவங்கம்மா மட்டும் பேசினாங்க. 'ஏம்மா, முதல் கல்யாணம்தானா? அப்பறம் ஏன் இத்தனை நாளா ஆகலை?'ன்னு கேட்டாங்க. கிளாஸுக்கு நேரமாச்சு, அப்பறம் பேசறேன்னு வெச்சுட்டேன்." அதைச் சொல்லிட்டுச் சிரிச்சாங்க பாருங்க, அந்தச் சிரிப்ப என்னால பாக்க முடியலை.

அப்பறம் கேட்டாங்க. "சார், நீங்க போய்ச் சொல்லணும். முதல்ல இருந்ததுதான் சரி, இப்ப அனுப்பின மெசேஜ்தான் தப்புன்னு. கம்ப்யூட்டர்க்காரர் சொன்னா நம்புவாங்க. கல்யாணம் ஆனதும் நானே அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லீருவேன். அதுவரைக்கும்."

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? மாட்டேன்னு சொல்லியிருப்பீங்களா? டீச்சர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்னாவது சொல்லியிருப்பீங்க. நான் ஒரு நிமிசம் கூட யோசிக்கலை. கெடுத்தவன் நான், நானே சரி பண்றேனுங்கன்னு சொல்லிட்டேன். டீச்சர்கிட்ட வயித்துவலின்னு லீவு சொல்லிட்டு இன்னைக்குக் காலையில கிளம்பி வந்தேன்.

களம் நெறையக் கொப்பரை காயுது. அந்தம்மா கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தாங்க. சம்பத் கணக்குப்பிள்ளைய அனுப்பிட்டு வந்து பக்கத்துல நின்னார். ஆள் நல்ல உயரம், ஆனா பேச்சு அடங்கின பேச்சு. நான் வர்ற வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்ததச் சொன்னேன். "மொத்தமா அனுப்பறப்ப நீங்க பாத்திருக்கற பொண்ணு பேரும் தவறுதலா அதுல சேந்துருச்சுங்க. அவங்க விவரம் முதல்ல குடுத்ததுதான் சரி. அவங்களுக்கு இது மறுமணம்தானுங்க."

எப்பிடி வந்துச்சோ அந்த வார்த்தை. தண்ணி மாதிரி வந்துச்சுங்க.

அந்தம்மா நெஞ்சுல கை வெச்சுட்டாங்க. "அப்பாடா சாமி! ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. முப்பத்தாறு வயசு வரைக்கும் ஒரு பொண்ணு சும்மா இருந்துச்சுன்னா என்ன கோளாறோ, எவங்கிட்டப் போய்க் கேக்கறதுன்னு தவிச்சுப் போய்ட்டேன்"னாங்க. அப்பறம் கண்ணெல்லாம் தண்ணி. "பாவம், அந்தப் புள்ளை எந்தப் பாவிகிட்ட மாட்டி என்ன பாடு பட்டுச்சோ! வாயத் தொறந்து ஒண்ணு சொல்லலையே!" நடக்காத கல்யாணத்துக்கு அழுதாங்க, அண்ணா. உக்கார வெச்சு எலை போட்டு, பருப்பும் நெய்யும் ஊத்தி, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு சோறு போட்டாங்க. எப்பிடித் தின்னேன்னு கேக்காதீங்க. தின்னேன்.

கை கழுவறப்பத்தான் அந்தம்மா சொன்னாங்க. "தம்பி, நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. கோயில்ல கல்யாணத்துக்குப் பதியப் போனோம். ரெண்டாங் கல்யாணம்னா பழசு முடிஞ்சதுக்குக் கோர்ட்டுப் பேப்பர் வேணும்னு கேட்டாங்க. சம்பத்தோடது இருக்குது. அம்மணியோடது ஒரு நகல் வேணும். நாங்க கேட்டா அது மனசு சங்கடப்படும். நீங்களே ஆபீஸ் மூலமா வாங்கிக் குடுத்துருங்க சாமி. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள."

நான் என்ன சொன்னேன்னு நெனைக்கறீங்க? "சரிங்கம்மா"ன்னேன். வேற என்ன சொல்ல? நான் போகாம இருந்திருந்தா, அந்தப் பொண்ணு ஒரு நாள் அழுதுட்டு உண்மையச் சொல்லியிருக்கும். ஏத்துக்கறாங்களோ இல்லையோ, அது வேற. இப்ப ஆகாத கல்யாணத்துக்கு விவாகரத்துப் பேப்பர் எங்கிருந்து கொண்டு வர்றது? அச்சடிக்கவா முடியும்? முடியும்னு ஒரு நிமிசம் என் புத்தி போச்சுங்க, நெசமாச் சொல்றேன். என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

அதோட முடியலை. சம்பத் வண்டியில என்னை பஸ் ஸ்டாண்டுல கொண்டாந்து விட்டார். இறங்கறப்ப என் கையப் புடிச்சுட்டு, "நெம்ப நன்றிங்க"ன்னார். "எதுக்குங்க, என் தப்புதானே"ன்னேன். அவர் தலைய ஆட்டிட்டு, "இல்லீங்க. அந்த மெசேஜ் வந்ததும் அவங்களும் எங்கிட்டப் பொய் சொல்லிட்டாங்களோன்னு நெனச்சுட்டேன். என்ற முதல் கல்யாணம் ஒரு பொய்யிலதாங்க போச்சு. வயசு, ஜாதி, பணம், எதுன்னாலும் தாங்கிக்குவேன். பொய்ய மட்டும் தாங்க முடியாது. அவங்க பொய் சொல்லலைன்னு தெரிஞ்சதே எனக்குப் போதும்"னார்.

அப்பவே சொல்லியிருக்கலாம். அந்த எடத்துல, அந்தக் கையப் புடிச்சுட்டே சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருப்பார்னு எனக்கு இப்பத் தோணுது. ஆனா கண்டக்டர் விசில் அடிச்சுட்டான், நான் ஏறிட்டேன். விசில் மேல பழியப் போடறேன் பாருங்க, எப்பவும் எதாவது ஒண்ணு மேல போட்டுட்டு வர்றவன்தானே நான்.

இப்ப என்ன பண்றதுன்னு சொல்லுங்க. பூங்கோதை மேடத்துகிட்டப் போய்ப் பேப்பர் சங்கதியச் சொன்னா, அவங்களே சம்பத்துகிட்ட எல்லாத்தையும் சொல்லலாம். வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லலாம். அவர் மன்னிச்சாலும் மன்னிப்பார். ஆனா நான் போய்ச் சொன்ன பொய் அதுக்கு நடுவுல நிக்குதே. அவங்க வாயே தொறக்காம இருந்தவங்க. இப்ப நான் அவங்க பேர்ல பொய் சொல்லி வெச்சுட்டு வந்திருக்கேன். எப்பிடியும் சொல்லித்தான் ஆகணும். இன்னைக்கே சொல்லணும், தள்ளிப் போட்டாப் போச்சு. தள்ளிப் போட்டுப் போட்டுத்தான் இந்தக் கதி. நீங்களும் அதானே சொல்றீங்க? சரிங்க. நீங்க சொன்னா சரி. போன் பண்ணிச் சொல்லீர்றேன்.

பாருங்க, அவங்களே கூப்பிடறாங்க.

ஹலோ... சொல்லுங்க மேடம்... ஆமாங்க, பஸ்லதான் வந்துட்டிருக்கேன்... பாத்தேனுங்க, ரெண்டு பேரும் இருந்தாங்க... சொல்லிட்டேனுங்க... ம்... நம்பிட்டாங்க மேடம்... அவருமா? அவர்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விட்டார். சந்தோசமா இருந்தாரு... அட, அழுவாதீங்க மேடம். அதான் எல்லாம் சரியாயிருச்சில்ல... அய்யோ, அண்ணான்னெல்லாம் சொல்லாதீங்க, நான் என்ன பண்ணிட்டேன்... ஆ? இல்லீங்க... இல்லீங்க மேடம், அவங்க வேற ஒண்ணும் கேக்கலீங்க.